நாமினியா, வாரிசுச் சான்றா, நீதிமன்றச் சான்றா?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பீரோவைத் திறந்தபோது மூன்று வங்கிக் கணக்குப் புத்தகங்கள் கிடைத்தன. முதல் கணக்கில் நாமினி அம்மா. இரண்டாவதில் சித்தப்பா, அப்பா கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கு, அதன்பின் பெயரை மாற்றவே இல்லை. மூன்றாவதில் அந்த இடம் காலி. மூன்றுக்கும் தனித்தனியாக அலைந்த பிறகுதான் நாமினி, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் ஊரே போட்டுக் குழப்பிக்கொள்கிறது என்று புரிந்தது.

வேகத்தில் நாமினிக்கு இணை இல்லை. இறப்புச் சான்று, அடையாள அட்டை, கோரிக்கைப் படிவம் போதும். ஆவணங்கள் முழுமையாக வந்த 15 நாட்களுக்குள் வங்கி தீர்த்துவிட வேண்டும் என்கின்றன ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள். ஆனால் பணத்தை வாங்குகிறவரே அதற்கு உரியவர் என்று எண்ணிவிடக் கூடாது. காப்பீட்டு நாமினி என்பவர் வாரிசுகளுக்காகத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே என்று 1984-லேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவனப் பங்குகளுக்கும் அதே கதைதான் என்றது 2023 டிசம்பர் தீர்ப்பு. இடையில் 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே என்று எழுதினார்கள். அதையும் எல்லா உயர் நீதிமன்றங்களும் ஒரே மாதிரி படிக்கவில்லை. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம். தலை எண்ணிக்கை கூடியதே தவிர, உரிமை மாறவில்லை.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. திருமணத்துக்கு முன் செய்த நாமினி நியமனம் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும். வங்கிக் கணக்குக்கு அந்தக் கருணை கிடையாது. எங்கள் இரண்டாவது கணக்கின் பணம் சித்தப்பாவுக்கே போயிற்று. அவர் அன்று மாலையே அம்மாவின் கணக்குக்கு மாற்றிவிட்டார். மாற்றாமல் இருந்திருந்தாலும் உரிமை எங்களுடையதுதான். ஆனால் வங்கி எங்களுக்குப் பதில் சொல்லியிருக்காது. சிவில் வழக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை நகர்ந்து வட்டாட்சியரிடம் முடிகிறது. செலவு சொற்பம், பொறுமைதான் அதிகம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் முதலில் கேட்டது, "இறந்தவரின் தாயார் இருக்கிறாரா?" அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எங்கள் விண்ணப்பத்தில் அவர் பெயர் இல்லை!

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் சமபங்கு. தந்தை அந்த வகுப்பில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தாயின் பங்கைப் பிரிக்காமல் விட்டுவிட்டு, பின்னர் அவரும் காலமானால், அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அப்போது வீட்டை விற்க அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லோரின் கையெழுத்தும் தேவைப்படும். வாரிசு யார் யார் என்றுதான் இந்தச் சான்று சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துத் தராது. குடும்பத்துக்குள் தகராறு என்றால் வட்டாட்சியரும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்.

அந்த நீதிமன்றச் சான்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிடைப்பது. மனு, அறிவிப்பு, தொகைக்கு ஏற்ற கட்டணம், வழக்கறிஞர் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இதை நம்பிப் பணம் கொடுத்த வங்கியைப் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. கவுன்ட்டரில் இருப்பவர்கள் இதைக் கேட்க விரும்புவதன் காரணம் இதுதான். மூன்றாவது கணக்கில் இருந்த இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்கும் அந்த வங்கியில் இதையே கேட்டார்கள். உயிலும் தகராறும் இல்லாத இடத்தில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரை, இதைக் கேட்கக் கூடாது; வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், உறுதிப் பத்திரம் போதும். ரிசர்வ் வங்கி விதியின் நகலை மேலாளரின் மேசையில் வைத்ததும் குரல் இறங்கியது.

ஆகவே என் கணக்கில் வரிசை இதுதான்: நாமினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரிசுச் சான்றை முதலில் வாங்கிவிடுங்கள். வாரிசுகளுக்குள் ஒத்துப்போகவில்லை, அல்லது நாமினி இல்லாத பெருந்தொகை என்றால் மட்டும் நீதிமன்றம். வீடு, நிலத்துக்கு அந்தப் படியை ஏறிப் பயனில்லை. இறங்குரிமைச் சான்று வரவேண்டிய கடனுக்கும் பங்கு, பத்திரம் போன்றவற்றுக்கும்தான். அசையாச் சொத்துக்கு அது செல்லாது.

எங்கள் வீட்டுப் பட்டாவில் இப்போது நான்கு பெயர்கள்: அம்மா, தங்கை, நான், அப்பத்தா. தன் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித்தர அப்பத்தா தயார்தான். சார்பதிவாளர் அலுவலகம் மாடியில் இருக்கிறது, முழங்கால்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.