ஆஷ் கியூ வழவழப்பா வரணும்னா: லேக்கரா, எண்ணெய்ச் சேறா, ஃபில்லரா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல நம்ம கூட ஸ்னூக்கர் ஆடற பசங்க பாதிப் பேரு என் கியூவ, அதான் பந்தடிக்கற கம்ப, வாங்கித் தடவிப் பாத்துட்டு "அண்ணே, இதுக்கு என்ன போட்டீங்க?"ன்னு கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கும் வாட்சப்ல வாய்ஸ் போட்டு மாளல, அதான் ஒரேடியா எழுதிடறேன். மூணு வழி இருக்கு. மேல லேக்கர்ங்கற பளபளப்புப் பூச்சு அடிக்கறது, எண்ணெய ஊத்தி ஈரத்தோட தேய்ச்சு வர்ற சேற வச்சே மரத்துளைய அடைக்கறது, கிரெயின் ஃபில்லர்ங்கற துளை அடைக்கற பசைய அப்பி மேல லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் ஏத்தறது. நான் மூணாவது பக்கம், மொதல்லயே சொல்லிடறேன்.

ஆஷ் குளிர் நாட்டு மரம். வசந்தத்துல வேகமா வளர்ற பகுதில பெரிய பெரிய துளை வரிசையா இருக்கும், அப்புறம் வளர்ற பகுதி கெட்டியா இருக்கும். ஷாஃப்ட்ல, அதான் கியூவோட முன்பக்கக் கம்புல, அம்புக்குறின்னு பாத்துப் பெருமப்படறோமே, அது அந்தத் துளை வரிசதான். டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் புடிச்சுப் பாருங்க, ஊசியால கீறுன மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளமா தெரியும். சாக் தூளும் வேர்வையும் அதுக்குள்ள எறங்கி கொஞ்ச மாசத்துல ஒரு அழுக்குச் சாம்பல் நெறத்துக்கு வந்துடும், கட்ட வெரல் பக்கம் ஓடறப்ப சொரசொரன்னு புடிக்கும். மேப்பிள்ல இந்தத் தொல்ல இல்ல. செண்டர் சுவத்துல சாத்தி வச்சிருக்கற பழைய ராமின் கியூவுலயும் இல்ல, அது சரவாக் சதுப்புக் காட்டு மரம், 2005லேருந்து ஏற்றுமதிக்கு அனைத்துலகக் கட்டுப்பாடு வந்ததால புதுசு கெடைக்கறது கஷ்டம். ஆஷோட அந்தச் சொரசொரப்பே கைக்கு வேணும்னு ஆடறவங்களும் இருக்காங்க, அவங்க எதையும் அடைக்க வேணாம்.

பழைய வழி வெறும் லின்சீட். எனக்கு ஆடச் சொல்லிக் குடுத்த தாத்தா எஸ்டேட் துரைமாருங்க கிளப்புல மார்க்கரா, அதான் பாயிண்ட் எண்றவரா இருந்தவரு. இந்த ஆட்டத்தோட சட்டத்தையே 1882ல நம்ம ஊட்டி கிளப்புலதான் எழுதி மாட்டுனாங்கன்னு மேசைகிட்ட நின்னு எல்லாருக்கும் சொல்வாரு. அவரு தன் கியூவுக்கு எண்ணெயத் தவிர எதையும் காட்டுனதில்ல, மாசத்துக்கு நாலு சொட்டு, உள்ளங்கை சுடற வரைக்கும் தேய்ப்பு. மரத்துக்கு அது ரொம்ப நல்லது, ஆனா துளை அடையாது. அவரு கியூவ நான் கைல வச்சுப் பாத்திருக்கேன், நகத்துல தட்டத்தான் செஞ்சுச்சு.

லேக்கர் பத்தி ரொம்ப சொல்ல வேணாம். செகண்ட் ஹேண்ட்ல வாங்குனப்ப என் கியூவுல அதான் இருந்துச்சு, பளபளன்னு. இங்க காத்துல ஈரம் 80 விழுக்காட்டுக்குப் பக்கத்துலயே நிக்குது, நம்ம செண்டர்ல ரெண்டு ஃபேன்தான், மூணாவது ஃபிரேம்ல கை வேர்த்து ஷாஃப்ட் ஒட்ட ஆரம்பிச்சுடும். பவுடர் போட்டா மேசைத் துணி பாழாகுதுன்னு செண்டர் மொதலாளி தவுக்கே கத்துவாரு. ஒரு எடத்துல அடிபட்டு உரிஞ்சா அங்க மட்டும் ஒட்டுப் போட்டா திட்டு தெரியும், மொத்தத்தையும் சொரண்டித்தான் திரும்ப அடிக்கணும். ஏர்கோன் ரூம்ல மட்டும் ஆடறவங்களுக்கு ஒத்து வருமோ என்னமோ, நான் அப்படி ஆடுனது ரொம்பக் கம்மி.

சேறு வழியத்தான் நான் மொதல்ல செஞ்சேன். லேக்கர சொரண்டி எடுத்துட்டு, டேனிஷ் ஆயில தாராளமா தடவி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால நீளவாக்குல தேய்க்கணும், மரத்தூளும் எண்ணெயும் கலந்து சேறா வரும், அது துளைக்குள்ள எறங்கும், மேல நிக்கறத குறுக்குவாக்குல தொடச்சுட்டு காய விட்டு மறுபடியும். செலவு கம்மி, அதே மரத்தோட தூளுங்கறதால கலரும் ஒத்துப் போகும். அன்னிக்கு நைட்டு தடவிப் பாத்து அவ்ளோ சந்தோஷம். ரெண்டு வாரத்துல எண்ணெய் காஞ்சு சுருங்கி துளை வாயத் தெறந்துடுச்சு. சரின்னு ரெண்டாந் தடவ, அப்புறம் மூணாந் தடவ. மூணாவதுல கைப்பிடிப் பக்கத்து எபனியும் (கருங்காலி) ஆஷும் சேர்ற எடத்துல டேப் ஒட்டாம தேய்ச்சுட்டேன், எபனியோட கறுப்புத் தூள் ஆஷுக்குள்ள ஏறி ரெண்டு இஞ்சிக்கு புகை அடிச்ச மாதிரி ஆயிடுச்சு, அது இன்னிக்கு வரைக்கும் போகல.

அந்தக் கறைக்காக நான் இந்த வழிய விடல. ஒவ்வொரு தடவ தேய்க்கறப்பவும் ஷாஃப்ட்டுதான் கரையுது. அந்த மூணாந் தடவைக்கு அப்புறம் வெர்னியர் வச்சு அளந்தேன், நுனில இருக்கற பித்தளை வளையம் (ஃபெரூல்) 9.5 மில்லிமீட்டர்லயே நிக்குது, அத ஒட்டி இருக்கற மரம் 9.3. பித்தளை தேயல, மரம் தேஞ்சுடுச்சு. கண்ண மூடிட்டு வெரல ஓட்டுனா பித்தளை முடியற எடத்துல மெல்லிசா ஒரு விளிம்பு தட்டும். 0.2 மில்லிமீட்டர் தானேன்னு தோணும், ஆனா உருண்டைக் கம்போட வெறப்பு அதோட விட்டத்த நாலு தடவ பெருக்குற கணக்குல போகுது, 9.5 லேருந்து 9.3க்கு வந்தா அந்த எடத்துல வெறப்பு 8 விழுக்காடு கொறஞ்சு போச்சுன்னு அர்த்தம். அடிச்சப்ப எனக்கே தெரிஞ்சுச்சு, பந்துக்குப் பக்கவாட்டுச் சுழற்சி குடுக்க சைடு போடறப்ப முன்னாடி இருந்த மாதிரி இல்ல, ஷாஃப்ட் லேசா ஆடுது. போன மரம் திரும்ப வராது. அதனால எந்த ஃபினிஷா இருந்தாலும் நான் இப்ப கேக்கறது ஒண்ணே ஒண்ணு, இத இனிமே பராமரிக்க எத்தன தடவ சேண்ட்பேப்பர் எடுக்கணும். லேக்கர் உரிஞ்சா எடுக்கணும், சேறு சுருங்குனா எடுக்கணும்.

என் சின்னம்மா மகன் ரப்பர் மர பெர்னிச்சர் செய்யற ஃபேக்டரில ஃபினிஷிங் பக்கம் வேல செய்றான், ரப்பர் மரத்துலயும் துளை உண்டு, மேசைப் பலகைக்கு எல்லாம் அவங்க ஃபில்லர் அப்புவாங்களாம். அவன்தான் கறுப்பு ஃபில்லர், எண்ணெய் கலந்தது, ஒரு பழைய மைலோ டின்ல கொஞ்சம் கொண்டாந்து குடுத்தான். உள்ள இருக்கறது பெரும்பாலும் கல்லு மாவு, அதனால எண்ணெய்ச் சேறு அளவுக்கு சுருங்காது. டர்ப்பன்டைன் ஊத்தி இட்லி மாவு பதத்துக்குக் கொண்டு வரணும். அதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ல தண்ணி மாதிரி நீத்த ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரே ஒரு கை, இல்லன்னா கறுப்பு கெட்டி மரத்துலயும் ஏறி ஷாஃப்ட்டே இருண்டுடும்.

அப்பறது லேசு, தொடைக்கறதுலதான் வேல. பழைய துணியால துளைக்குள்ள நல்லா அழுத்தி அப்பிட்டு ஒரு பத்து நிமிஷம் பாத்துக்கிட்டே இருக்கணும், மேல இருக்கற மினுக்கு மங்கி சாம்பல் பூத்த மாதிரி ஆனதும் சாக்குத் துணிய ஷாஃப்ட்டுக்குக் குறுக்க சுத்திச் சுத்தித் தொடைக்கணும். நீளவாக்குல தொடைச்சா உள்ள போனது திரும்ப வெளிய வந்துடும். சீக்கிரம் தொடைச்சாலும் வந்துடும், லேட்டானா கல்லாயிடும். ஒரே மூச்சுல மொத்த ஷாஃப்ட்டும் பண்ணாதீங்க, ஒரு முழம் ஒரு முழமா பண்ணுங்க. டின்ல ஒரு நாள் காய வைக்கச் சொல்லியிருந்துச்சு, மழக்காலம்ங்கறதால நான் மூணு நாள் விட்டேன். உள்ள ஈரம் இருக்கறப்பவே எண்ணெய் ஏத்துனா துளை எல்லாம் வெளிறிப் போயி புகை மூட்டமா தெரியும்னு அவன் எச்சரிச்சிருந்தான். அப்புறம் 1000 நம்பர் பேப்பரால தூசி தட்டற மாதிரி ரெண்டே ரெண்டு இழுப்பு. சேண்ட்பேப்பர் அதோட உள்ள போயிடுச்சு, அப்புறம் எடுக்கல.

மேல லின்சீட், காய்ச்சாத பச்ச எண்ணெய். பாய்ல்டுன்னு விக்கறதுல சீக்கிரம் காய வைக்கற உலோக உப்பு சேத்திருப்பாங்க, ஒரு நாள்ல காயும், பச்ச எண்ணெய் அஞ்சாறு நாள் எடுக்கும், நம்ம ஊருல அதுக்கும் மேல. நான் பச்சைக்குப் போனதுக்குக் காரணம் தாத்தா பழக்கம்தான், பாய்ல்டு போட்டவங்களும் நல்லாதான் வச்சிருக்காங்க. தடவறது முக்கியமில்ல, தொடைக்கறதுதான். மிச்சம் நின்னா பிசுபிசுன்னு ஆயி லேக்கர விட மோசமா ஒட்டும். வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆறு கை. ஒவ்வொரு கையும் காஞ்சப்புறம் ஒரு பத்து வெள்ளி நோட்ட மடிச்சு சூடு ஏற ஏற தேய்ச்சேன், ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக், அது வேலைக்கு ஆகாது, பத்து வெள்ளி காகிதம்.

இப்ப 14 மாசம் ஆச்சு. அம்புக்குறி எல்லாம் பென்சில்ல வரஞ்ச மாதிரி கறுப்பா நிக்குது, நகத்துல தட்டல. ஆடி முடிச்சதும் பிழிஞ்ச ஈரத் துணியால ஒரு தொடைப்பு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ மூணு சொட்டு எண்ணெய். போன வாரம் திரும்ப அளந்தேன், அதே 9.3.

14 மாசம் பெருசில்லதான், அஞ்சு வருஷம் கழிச்சு ஃபில்லர் பேந்து வந்தா வந்து சொல்றேன். தண்ணியில கலக்கற ஃபில்லரும் கெடைக்குது, அத ஒடஞ்ச ஒரு ஆஷ் துண்டுல மட்டும்தான் போட்டுப் பாத்தேன், சீக்கிரம் காயுது, ஆனா தண்ணி பட்டு மர நார் எழும்பி திரும்பத் தேய்க்க வேண்டியதாச்சு, எனக்கு ஆகாத வேல அதுதான். கறுப்பு வேணாம்னா மர நெறத்துலயும் ஃபில்லர் இருக்கு, நான் போட்டதில்ல. புது கியூ, லேக்கரே ஏறலன்னா, சேறு ஒரு தடவைக்கு மட்டும் ஓகேன்னுகூட சொல்வேன், திரும்பத் திரும்பப் பண்ணாத வரைக்கும்.

செய்யறவங்க இத மட்டும் மறந்துடாதீங்க, லின்சீட் தொடச்ச துணிய உருட்டி மூலைல போடக் கூடாது. அந்த எண்ணெய் காயறப்ப சூடாகும், சுருட்டுன துணிக்குள்ள சூடு தேங்கி தானாவே தீப்புடிக்கும். எங்க வீடு பழைய லயத்துப் பலக வீடு. நான் துணிய வாளித் தண்ணில முக்கி வெளிய வேலிக் கம்பில விரிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள வருவேன்.