எல்லாருக்கும் அரிசியா, ஏழைகளுக்கு மட்டுமா?

ரேஷன் அரிசியில் எது நியாயம் என்ற கேள்வி 1997இல் பெரிதாக எழுந்தது. அந்த வருடம் மத்திய அரசு குடும்பங்களை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து, கீழே இருப்பவர்களுக்கு மிக மலிவான விலை, மேலே இருப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதல் விலை என்றது. தமிழ்நாடு எல்லாருக்குமான முறையைக் கைவிடவில்லை.

ஏழைகளுக்கு மட்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருக்கிற பணம் தேவைப்படுகிறவருக்கே போய்ச் சேரும், ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுக்கலாம். சரி, அந்த ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டட வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, கணக்கெடுக்க வந்த அன்று வீட்டில் ஒரு டிவி இருந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், அடுத்த மாதமே அவர் கால் உடைந்து படுத்தாலும் அந்தப் பட்டியல் மாறப் பல வருடம் ஆகும். வசதியானவருக்கு அரிசி போவதால் பணம்தான் வீண், ஆனால் ஏழை விடுபட்டால் ஒரு வீட்டில் உலை கொதிக்காது. இரண்டு தவறையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

எல்லாருக்கும் என்பதில் செலவு அதிகம், அதை மறுக்க முடியாது. அதற்குத்தான் இங்கே சர்க்கரை அட்டை இருக்கிறது, அரிசி வேண்டாம் என்பவர் அதற்கு மாறிக்கொள்ளலாம். அப்புறம், மிக வறிய குடும்பங்களுக்கு அந்தியோதயா திட்டத்தில் மாதம் 35 கிலோ கிடைக்கிறது. கடையை எல்லாருக்கும் திறந்து வைத்து, அடியில் இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் இந்தக் கலவைதான் என் தேர்வு.