பில்லில் கூலன்ட், ரேடியேட்டரில் உப்புத் தண்ணி

கோவையில் வெளி ஒர்க்‌ஷாப்பில் கார் விடுகிறவர்கள், பணம் கட்டும் முன் பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அவிநாசி சாலைப் பக்கம் ஓர் இடத்தில் எங்கள் பழைய பெட்ரோல் காரை ஜெனரல் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட், பிரேக் ஆயில் என்று பில் நீளமாக இருந்தது. கழுவித் துடைத்து வாசனையெல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். அதில் குறையே இல்லை.

ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக், டயர் காற்று, கூலன்ட் மட்டம் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே பார்த்துவிடுவது என் வழக்கம். அந்த வாரம் கூலன்ட் ரிசர்வ் டேங்கில் பச்சையாக இருக்க வேண்டியது நிறமே இல்லாமல் இருந்தது. சந்தேகப்பட்டு ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தள்ளினேன். புது ஃபில்டர் போடும்போதெல்லாம் அதன் ஓரத்தில் மார்க்கரில் தேதி எழுதி வைப்பேன். போன தடவை எழுதிய தேதி அப்படியே இருந்தது. மாற்றாதது இருக்கட்டும், தூசியைக்கூடத் தட்டவில்லை.

போன் போட்டால் சூப்பர்வைசர், “இப்பெல்லாம் கூலன்ட் கலர் இல்லாமத்தானுங்க சார் வருது” என்றார். கசிந்தால் கண்ணில் படட்டும், தண்ணீரோடு குழம்பாமல் இருக்கட்டும் என்றுதான் அதில் நிறமே சேர்க்கிறார்கள்! இன்ஜின் ஆறியிருந்த நேரத்தில் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு சில்வர் மூடியில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். கூலன்ட்டாக இருந்தால் பிசுபிசுப்பாக மிஞ்சும், லேசில் காயாது. இது சாயங்காலத்துக்குள் வற்றி, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. நம் பக்கத்துப் போர் தண்ணி வெந்நீர்ப் பாத்திரத்தில் என்ன செய்யும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதே உப்புதான் கெட்டியாகப் படியும். கூடவே துரு பிடிக்கும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், கடைசியில் இன்ஜினுக்குள் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்குச் செலவு வைக்கும்.

மூடியோடு நேரில் போனேன். “பையன் புதுசுங்க, தெரியாம ஊத்திட்டானுங்க” என்றார்கள். பில் போட்டவரும் புதுசா என்று கேட்டேன். ஃபில்டர் காசு திரும்பி வந்தது. கூலன்ட்டுக்கு, “லேபர் ஆயிருச்சுங்களே” என்று கையை விரித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில்லையும் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிரேக் ஆயில்தான் எனக்குப் பெரிய கவலை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது சூடேறி, அந்த ஈரம் ஆவியானால் பெடல் வெறுமனே உள்ளே போகும். மாற்றினார்களா இல்லையா என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தெரிந்த மெக்கானிக்கிடம் பக்கத்தில் நின்று மறுபடி மாற்றிக்கொண்டேன்.

கூலன்ட் வேலையை வீட்டிலேயே செய்தேன். வண்டி நன்றாக ஆறிய பிறகு வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி, கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றினேன். சூட்டில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கொதிக்கிற தண்ணி முகத்தில் அடிக்கும். நீங்களும் செய்வதாக இருந்தால், வடித்த பழைய கூலன்ட்டை வாசலில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கிவிடும். அது கொடிய விஷம்.