மூணாறில் ‘லேக் டிரவுட் டீப் டிரோலிங்’ பயிற்சி என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

மூணாறு, தேவிகுளம், மறையூர் பக்கம் இருப்பவர்களும், போடி, உடுமலையிலிருந்து தூண்டிலோடு மலையேறுபவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். “ஆழத்தில் டிரோலிங் போட்டு லேக் டிரவுட் பிடிக்கக் கற்றுத் தருகிறோம், சாமான் எல்லாம் நாங்களே தருவோம், பயிற்சி அணையிலேயே” என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. டிரோலிங் என்றால் ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பது. 42,000 ரூபாய். என்னிடமும் வாங்கினார்கள். கொடுத்த சாமான் போலி. சொல்லிக்கொடுத்ததும் தப்பு. அந்த மீன் இந்த மலையில் கிடையவே கிடையாது.

மாமா மகன், என் அத்தான், கனடாவில் தண்டர் பேயில் வேலை பார்க்கிறார். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். வருகிற கோடையில் நான் அங்கே போகிறேன், அதற்குள் கை பழகட்டும் என்றுதான் இதில் சேர்ந்தேன். நம் அணையில் அந்த மீன் ஏது என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். “தம்பி, டிபார்ட்மெண்ட்ல விட்டிருக்காங்க. ஆழத்துல கிடக்கு, அதான் யாருக்கும் தெரியல” என்றார் பயிற்சி நடத்திய சேட்டன். கேட்கிறவர் நம்பும்படியான பதில்தான். அதனால்தான் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

லேக் டிரவுட் வட அமெரிக்காவின் மீன். கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் உள்ள குளிர்ந்த, ஆழமான ஏரிகளில் வாழ்வது. பத்து டிகிரியை ஒட்டிய தண்ணீர்தான் அதற்கு ஒத்துவரும். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடேறியதும் கீழே குளிர்ந்த அடுக்குக்கு இறங்கிவிடும். ஐம்பது அடி, நூறு அடி, சில ஏரிகளில் அதற்கும் கீழே. அங்கே தூண்டிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இந்த ஆழ டிரோலிங். நம் மூணாறில் இருப்பது ரெயின்போ டிரவுட். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்டது. ராஜமலையில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமும் உண்டு. படத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம்: ரெயின்போவுக்கு உடம்பில் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் ரோஸ் நிறப் பட்டை. லேக் டிரவுட்டுக்குக் கருத்த உடம்பில் வெளிறிய புள்ளி, வால் நன்றாகப் பிளந்திருக்கும். விளம்பரத்தில் இருந்தது அசல் லேக் டிரவுட்தான், ஆனால் அது இங்கே எடுத்த படமே இல்லை.

இப்போது சாமானுக்கு வருகிறேன். பெட்டியில் ஒரு டவுன்ரிக்கர், ஒரு லெட் கோர் லைன், கொஞ்சம் ஸ்பூன் (மீனை ஏமாற்றத் தூண்டிலில் மாட்டும் பளபளப்பான உலோகத் தகடு). டவுன்ரிக்கர் என்பது படகு ஓரத்தில் மாட்டும் ஒரு ராட்டினம். அதிலிருந்து கம்பியில் கனமான உருண்டையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். தூண்டில் நூலை உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டிவிடுவார்கள், மீன் கடித்து இழுத்தால் கிளிப் விட்டுவிடும். எனக்குக் கொடுத்த உருண்டையில் பத்து பவுண்டு என்று அச்சடித்திருந்தது. அப்படியென்றால் நாலரைக் கிலோ இருக்க வேண்டும். எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம். மூன்று கிலோகூடத் தேறவில்லை. பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே சிமெண்ட்.

லெட் கோர் லைன் இதைவிட மோசம். நடுவில் மெல்லிய ஈயக் கம்பி, அதைச் சுற்றிப் பின்னிய நூல், பத்து கஜத்துக்கு ஒரு நிறம். இதுதான் அசல். எத்தனை நிறம் தண்ணீருக்குள் போயிருக்கிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுவார்கள். படகு மெதுவாகப் போனால் ஒரு நிறத்துக்குச் சுமார் ஐந்தடி இறங்கும். எனக்கு வந்ததும் நிறம் நிறமாகத்தான் இருந்தது. வீடியோ காலில் காட்டியபோது அத்தான், “முனையில ஒரு இஞ்ச் நூலை உரிச்சுக் காட்டு” என்றார். உரித்தேன். உள்ளே ஈயம் இல்லை, வெள்ளை நைலான். வாங்குகிற இடத்திலேயே, பணம் கொடுக்கும் முன்பே, இப்படி உரித்துப் பாருங்கள். விடமாட்டேன் என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

தண்ணீரில் நடந்தது இன்னும் கோபம் வரவைக்கிறது. லேக் டிரவுட்டுக்கு மணிக்கு இரண்டரை முதல் நான்கு கிலோமீட்டர் வேகம், அதாவது ஆள் நடக்கிற வேகம்தான். இவர் இன்ஜினை விரட்டினார். வேகம் கூடினால் உருண்டை நேராகத் தொங்காது, பின்பக்கமாகச் சாயும். டவுன்ரிக்கரில் இருக்கும் மீட்டர் அறுபது அடி என்று காட்டும், தூண்டில் அதைவிட எவ்வளவோ மேலே கிடக்கும். கனம் குறைந்த உருண்டைக்கு இது இரட்டிப்பு. ஸ்பூன் அசைந்து நீந்தாமல் சுழன்று சுழன்று நூல் மொத்தமும் முறுக்கிக்கொண்டது. “இதுதான் சேட்டா ஆக்‌ஷன்” என்று என்னிடம் விளக்கம் வேறு.

படகில் லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. இதை என்னால் மன்னிக்கவே முடியாது. 2009 செப்டம்பரில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தது இதே இடுக்கி மாவட்டத்தில்தான். கூட வந்தவர்களில் ஒரு கல்லூரிப் பையனுக்கு நீச்சலே தெரியாது. அனுமதி இருக்கிறதா என்று கேட்டதற்கு ‘எல்லாம் பேசியாச்சு’ என்றார்கள். கரையிலிருந்து வாட்ச்மேன் விசில் அடித்ததும் இன்ஜினைத் திருப்பிக்கொண்டு ஓடியதைப் பார்த்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரிகிறது. அணையில் படகு இறக்கவும் தூண்டில் போடவும் அனுமதி வேண்டும். எழுத்தில் இருக்கும் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் யாருடைய படகிலும் ஏறாதீர்கள். மாட்டினால் அவரோடு சேர்ந்து நீங்களும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா வாங்க” என்றார், அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

என்னைப் போல வெளிநாட்டுக்குப் போகும் முன் பழக நினைப்பவர்களுக்கு அத்தான் சொன்னது: தொடக்கத்தில் டவுன்ரிக்கரே வேண்டாம். நல்ல லெட் கோர் லைன் ஒன்று, அது கொள்கிற பெரிய ரீல் ஒன்று, நாலைந்து ஸ்பூன் போதும். பத்து நிறமும் விட்டால் ஐம்பது அடி வரை போகும், முதல் கோடைக்கு அது தாராளம். அதையும் அங்கே போய் வாங்குவதுதான் நல்லது. தண்டர் பே இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வெளியூர்க்காரர் தூண்டில் போட அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி லைசென்ஸும் எடுக்க வேண்டும். இங்கே தருகிற ‘சர்ட்டிபிகேட்’ அதற்கு ஈடாகாது.

இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, அந்த விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். சாமானைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். பணம் அனுப்பியவுடனே ஆள் காணாமல் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். என்னோடு சேர்ந்து புகார் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் கீழே சொல்லுங்கள், எல்லோருடைய ரசீதையும் ஒன்றாக வைத்தே கொடுப்போம்.