வீட்டுக் கச்சேரி வீடியோ: ஒற்றை ரெக்கார்டரா, இரண்டு மைக்கும் இன்டர்ஃபேஸுமா?

பாட்டும் மிருதங்கமும் மட்டும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, படம் எடுக்கக் கைபேசி. இந்த அமைப்பில் படத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டிவிட்டால் எல்இடி விளக்கின் மினுமினுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டி வைத்தால் படம் தேறிவிடும். வீடியோவைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலிதான். கைபேசியின் மைக் தூரத்திலிருந்து அறையைத்தான் பதிவு செய்யும், பாட்டை அல்ல.

ஒலியைத் தனியாகப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, ஜூம் எச்1 எசென்ஷியல் போன்ற கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர். மற்றது, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற இரண்டு உள்ளீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுசெல்லும் பெட்டி), கூடவே ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 ரகத்தில் இரண்டு கண்டென்சர் மைக்.

வசதியைப் பார்த்தால் ரெக்கார்டருக்குத்தான் ஓட்டு. இரண்டு ஏஏஏ பேட்டரி, ஒரு ஸ்டாண்டு, வேலை முடிந்தது. மெல்லிய ஒலியையும் பெருத்த ஒலியையும் ஒருசேரத் தாங்கும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவாவதால் லெவல் வைக்கும் தலைவலியும் இல்லை. இன்டர்ஃபேஸ் என்றால் லேப்டாப், கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம் பவர்), இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள், இரண்டு ஸ்டாண்டு என்று சாமான் பெருகும், செலவும் கூடும். லேப்டாப்பின் விசிறிச் சத்தம் வேறு. மூன்று மீட்டர் கேபிள் வாங்கி லேப்டாப்பை அறைக்கு வெளியே தள்ளுவது நல்லது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் ‘உம்ம்’ என்ற இரைச்சலும் பல நேரம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு மைக் பக்கம் சாய்வதற்கு ஒரே காரணம், பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் இடையிலான ஒலிச் சமன்.

ரெக்கார்டரில் அந்தச் சமன் பதிவாகும் நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு மிருதங்கத்தை மட்டும் குறைக்க முடியாது. ஆட்களையும் ரெக்கார்டரையும் நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். பாடுபவரிடமிருந்து 1 மீட்டர், மிருதங்கத்திலிருந்து 2 மீட்டர் என்று வைத்தால் மிருதங்கம் 6 டெசிபல் குறைய வேண்டும். இது திறந்தவெளிக் கணக்கு. சிறிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் அவ்வளவு குறையாது, தொப்பியின் (மிருதங்கத்தின் இடது முகம்) கும்கி என்ற கனத்த நாதம் மூலைகளில் தேங்கி நிற்கும். ஆலாபனைக்கு ஏற்ப வைத்த இடம் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பொருந்தாது. ரெக்கார்டரை நெருக்கமாக வைத்தால் மிருதங்கம் ஒதுங்கும், தள்ளி வைத்தால் குரல் குளியலறைக்குள் போய்விடும்.

இரண்டு டிராக் இருந்தால் உருப்படிக்கு ஒரு சமன், தனிக்கு ஒரு சமன் என்று பிறகு நிதானமாக வைக்கலாம். ஆனால் மைக் இரண்டாகிவிட்டதாலேயே டிராக்குகள் பிரிந்துவிடாது. குரல் மைக்கில் மிருதங்கம் கசியும், மிருதங்க மைக்கில் குரல் கசியும். இரண்டையும் சேர்க்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்று குரல் சாரமற்று வெறுமையாகக் கேட்கும். இதைக் குறைக்கப் பழைய விதி உண்டு: மைக்குக்கும் அதன் ஒலி மூலத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் இரு மைக்குகளுக்கு இடையில் இருக்க வேண்டும். வாயிலிருந்து 30 செ.மீ. என்றால் இடைவெளி 90 செ.மீ.

கோணமும் முக்கியம். வலக்கை மிருதங்கக் கலைஞர் வழக்கப்படி பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்து, வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) கேமராவைப் பார்த்திருக்கும். ஆகவே குரல் மைக் ஸ்டாண்டைப் பாடகரின் வலது முன்புறம், மிருதங்கத்தின் பக்கமாகவே வைத்து, வாயை நோக்கித் திருப்ப வேண்டும். பார்க்கத் தலைகீழாகத் தெரியும். ஆனால் முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் இந்தக் கார்டியாய்ட் மைக்கின் முதுகுதான் அதன் செவிட்டுப் பக்கம். அந்த முதுகு இப்போது மிருதங்கத்தைப் பார்க்கும். மிருதங்க மைக்கை வலந்தலைக்கு முன்னால் 30-40 செ.மீ. தள்ளி, சற்றே மேலிருந்து வையுங்கள். தொப்பி ஓசை மெலிந்து கேட்டால் மைக்கைக் கட்டையின் நடுப்பக்கம் ஒரு சாண் நகர்த்தினால் போதும்.

ஸ்டாண்டுகளைப் பாடகர் உட்காரும் ஜமுக்காளத்தின் மேல் வைக்க வேண்டாம். தாளம் போடும் அடி தரை வழியாக ஏறி ‘தொம் தொம்’ என்று பதிவாகும். தனியாக மடித்த போர்வை மேல் வைத்தால் தீரும்.

லெவலை 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸில், தீர்மானத்தின் (வாசிப்பை முடிக்கும் சொற்கட்டு) உச்ச அடி −12 டெசிபலைத் தாண்டாதபடி வைக்க வேண்டும். சோதனையில் வாசிப்பதைவிட நிஜத்தில் கை கனக்கும். குரலுக்குத் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) பஞ்சமம் வரை பாடச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘ஹலோ, செக்’ சொல்லிப் பயனில்லை.

படத்தோடு ஒலியை ஒட்டுவது இரண்டு வழியிலும் ஒரே பாடு. தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், கைபேசியின் சொந்த ஒலியிலும் அதே தட்டல், இரண்டையும் பொருத்திவிடலாம். கைபேசி மாறும் பிரேம் வேகத்தில் பதிந்திருந்தால் எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பல்லவி வருவதற்குள் உதடும் குரலும் பிரிந்துவிடும். இரு கருவிகளின் கடிகாரமும் மில்லியனுக்கு 20 பங்கு விலகினால்கூட அரை மணி நேரத்தில் 36 மில்லிசெகண்ட் ஆகும், ஏறக்குறைய ஒரு பிரேம். உருப்படிக்கு உருப்படி நிறுத்திப் பதிந்தால் இந்தச் சிக்கலே எழாது.

தனி வீணை, தனி வயலின் என்றால் இந்தத் தீர்ப்பு தலைகீழ். சமன் செய்ய இரண்டாவது ஒலியே இல்லாதபோது 60-80 செ.மீ. தூரத்தில் ஒரு ரெக்கார்டர் போதும், இன்டர்ஃபேஸ் வீண் சுமை. நாகஸ்வரம், தவில் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயக்கம். அந்தச் சத்தத்துக்கு இந்த அறையே சிறிது. பாட்டோடு வயலினும் சேர்ந்தால் இரண்டு உள்ளீடு போதாது. அந்த எண்ணம் இருந்தால் முதலிலேயே நான்கு மைக் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் ‘4’ என்று போட்டிருந்தாலும் அதில் இரண்டு மைக்குக்கு உதவாத லைன் உள்ளீடாக இருக்கலாம், எக்ஸ்எல்ஆர் துளைகளை எண்ணிப் பாருங்கள்.