பழைய துப்பாக்கிக்கு எந்த ரவை: ஸ்டீலா, பிஸ்மத்தா, டங்ஸ்டனா?

ரவை என்பது வேட்டைத் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டைகள். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுக்கத் தடை. வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைக்க மணலையும் சிறு கல்லையும் விழுங்கி வைத்துக்கொள்ளும். சதுப்பில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லோடு சேர்த்து விழுங்கிவிடும். அது வயிற்றில் அரைபட்டு ரத்தத்தில் கலக்க, பறவை நலிந்து சாகும். அதைத் தின்னும் வெண்தலைக் கழுகுக்கும் அதே கதிதான். எனவே தடை சரியானது. அதைச் சுற்றிப்போக வழி தேட வேண்டியதில்லை.

ஆனால் பார்க்கர், ஃபாக்ஸ், எல்.சி. ஸ்மித் போன்ற பழைய இரட்டைக் குழல்களும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோ-5 அரைத்தானியங்கித் துப்பாக்கிகளும் ஈயத்துக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை அலமாரியில் பூட்டி வைக்கவும் வேண்டாம், கெடுக்கவும் வேண்டாம் என்றால் எதைப் போடுவது?

முதலில் ஸ்டீல். மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். உண்மையில் இது மென்மையான இரும்புதான், ஆனாலும் ஈயத்தைவிடப் பல மடங்கு கடினம். சிக்கல் குழலின் வாய்ப்பக்கத்தில் இருக்கிறது. ரவை சிதறாமல் சேர்ந்து போக அங்கே குழல் குறுகும், அதுதான் சோக். 12 கேஜில் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) முழு சோக் என்றால் சுமார் 1 மி.மீ. இறுக்கம். ஈய ரவை அதில் நசுங்கி நெளிந்து வெளியேறிவிடும். ஸ்டீல் நசுங்காது, குழலைத்தான் தள்ளும். நாளடைவில் சோக் தொடங்கும் இடத்தில் வளையம் போல ஒரு வீக்கம் வரலாம். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் நிழல் வளையமாகத் தெரியும். வெளியே விரலை ஓட்டினாலும் தட்டுப்படும். இரட்டைக் குழலில் இரண்டையும் இணைக்கும் ஈயப்பற்று விட்டுப்போகும் அபாயமும் உண்டு. பெல்ஜிய ஆட்டோ-5 குழலில் ஸ்டீல் போடாதீர்கள் என்று பிரவுனிங் நிறுவனமே சொல்கிறது.

சோக்கைக் கடைந்து அகலமாக்கிவிடலாமே என்பார்கள். ஸ்டீல் ரவை உருண்டையாகவே பறப்பதால் பாதி சோக்கிலேயே ஈயம் முழு சோக்கில் விழுவது போல நெருக்கமாக விழும், அது உண்மை. குழல் சுவர் தடித்த சாதாரண பம்ப் துப்பாக்கி (முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டா ஏற்றுவது) என்றால் நல்ல கைக்காரரிடம் கொடுக்கலாம். பார்க்கரின் மெல்லிய குழலில் கை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். கடைந்தெடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

அடுத்தது பிஸ்மத். தனிம அட்டவணையில் ஈயத்துக்குப் பக்கத்து வீடு, ஆனால் பறவைக்கு அந்த நஞ்சு இல்லை. ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயம் கலந்த பிஸ்மத் ரவைக்குச் சுமார் 9.6, ஸ்டீலுக்கு 7.8. ரவை எண் குறையக் குறைய உருண்டை பெரிது. எடை குறைந்த ஸ்டீலுக்குப் பெரிய உருண்டை தேவை என்பதால் ஈயத்தில் 4ஆம் எண் போட்டவர் ஸ்டீலில் 2ஆம் எண்ணுக்குப் போக வேண்டும். பிஸ்மத்தில் ஒரு அளவு பெரியது போதும். மென்மையானது என்பதால் முழு சோக்கும் தாங்கும். குறை என்னவென்றால் நொறுங்கும் குணம். ஆரம்பகாலத் தோட்டாக்களில் ரவை உடைந்து துண்டாகப் போனதாகப் புகார் வந்தது. இப்போது வருபவை எவ்வளவோ தேவலை. விலைதான் ஸ்டீலைப் போலப் பல மடங்கு.

டங்ஸ்டன் மேட்ரிக்ஸ் என்பது டங்ஸ்டன் பொடியை மென்மையான பாலிமரில் கலந்து செய்தது. அடர்த்தியிலும் நடத்தையிலும் ஈயத்துக்கு மிக நெருக்கம். கிடைத்தால் இதுவே முதல் தேர்வு, ஆனால் விலையும் அதிகம், தேடவும் வேண்டும். டங்ஸ்டன் என்று பெட்டியில் போட்டிருக்கும் எல்லாமே இது இல்லை என்பதைக் கவனிக்கவும். ஹெவி-ஷாட், அடர்த்தி 18 இருக்கும் டி.எஸ்.எஸ். (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) எல்லாம் மிகக் கடினமானவை. பழைய குழலுக்கு ஆகவே ஆகாது.

எந்த ரவையானாலும் சேம்பரின், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையின், நீளத்தை அளக்காமல் தோட்டா வாங்காதீர்கள். பெட்டியில் உள்ள 2¾ அங்குலம் என்பது சுட்ட பிறகு விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 2½ அங்குலச் சேம்பரிலும் அது சரியாக உட்கார்ந்துவிடும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். டமாஸ்கஸ் குழல் (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய வகை) என்றால் விவரம் தெரிந்த துப்பாக்கிக் கைவினைஞர் பார்க்கும்வரை எந்தத் தோட்டாவும் வேண்டாம்.

என் தேர்வு பிஸ்மத். வாத்து வேட்டையில் ஒரு காலைக்குச் செலவாகும் தோட்டா கொஞ்சம்தான். வீங்கிய குழலுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அந்த விலை பெரிதில்லை. நிறையச் சுடுபவர் என்றால் ஸ்டீலுக்கென்றே செய்த, பிறர் பயன்படுத்திய பம்ப் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். ஆட்டோ-5 வைத்திருப்பவருக்கு இன்னும் சுலபம்: அதே கேஜ், அதே சேம்பர் நீளத்தில், சோக் மாற்றக்கூடிய ஜப்பான் குழல் பொதுவாக அதில் பொருந்தும். பெல்ஜியக் குழலைத் துடைத்து எண்ணெய் தடவி எடுத்து வைத்துவிட்டு, அதில் தாராளமாக ஸ்டீல் சுடலாம்.