ஆறு வருஷமா மியூச்சுவல் ஃபண்டுக்கு பாயிண்ட் அண்ட் ஃபிகர் சார்ட் போடுறேன், என் அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரில கணக்கு பாக்குறேங்க. சீசன் வந்துட்டா மே கடைசில இருந்து ரெண்டு மாசம் தலைய தூக்க முடியாது, லோடு லோடா காய் வந்துட்டே இருக்கும், அப்ப எங்க தினமும் என்ஏவி, அதாவது ஃபண்டோட ஒரு யூனிட் விலை, பாக்குறது. இந்த சார்ட் எனக்கு ஒட்டிக்கிட்டதே அதனாலதான், இதுல தேதிக்கு இடமே கிடையாது, விலை நகந்தா மட்டும்தான் கட்டம் நிரம்பும், ஏறினா எக்ஸ், இறங்கினா ஓ. சீசன் முடிஞ்சதும் ஆம்ஃபி (மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளோட சங்கம்) சைட்ல பழைய என்ஏவி மொத்தத்தையும் எடுத்து நாள் வரிசையா ஓட்டினா ஒரே ராத்திரில முடிஞ்சிரும். ஃபண்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே விலைதான், அது இதுக்கு ரொம்ப வசதி.

நான் கிராஃப் நோட்டுல பென்சில்லதான் போடுறேன். ஒரு கட்டம் 2 சதவீதம், திசை திரும்புனதா எடுத்துக்கணும்னா 3 கட்டம் எதிர்ப்பக்கம் நகரணும். அதாவது 100, 102, 104.04, 106.12னு ஏறிட்டு இருக்கும்போது எக்ஸ், அந்த 106.12ல இருந்து இறங்கி 100 தொட்டாதான் பக்கத்து காலம்ல (மேலிருந்து கீழ போற வரிசைல) மூணு ஓ. நடுவுல 101 வந்தாலும் பென்சில எடுக்கவே கூடாது. மனசு அடங்குனது இதனாலதான்.

2020 மார்ச்ச மறக்கவே முடியாது. நிஃப்டிய அப்படியே பின்தொடர்ற என் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு ஓ கீழ கீழ போயி நோட்டுல கட்டம் பத்தாம அடில இன்னொரு தாள் ஒட்டினேன். 23ம் தேதி நிஃப்டி குளோசிங் 7610, 26ம் தேதி 8641, மூணே நாள்ல புது எக்ஸ் காலம். "அண்ணா எஸ்ஐபிய நிறுத்திரலாமா"ன்னு, மாசாமாசம் ஃபண்டுல போடுற தவணைய, தம்பி கேட்டான், அந்த எக்ஸ காட்டித்தான் நிறுத்த விடல.

ஆரம்பத்துல ஒரு அடியும் பட்டேன். அப்ப கட்டம் 1 சதவீதம், ஃபண்டும் டிவிடெண்ட் ஆப்ஷன், லாபத்த அப்பப்ப கையில குடுக்குற வகை. டிவிடெண்ட் குடுத்த அன்னைக்கு அந்த அளவு என்ஏவி குறையும்ல, அது தெரியாம ஓ விழுந்துருச்சுன்னு வித்துட்டேன், எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் வித்தா பிடிக்கிற கட்டணம், 1 சதவீதம் போச்சு. லாபத்த உள்ளயே விட்டு வைக்கிற குரோத் ஆப்ஷன் என்ஏவிய மட்டும் போடுங்க, தயவுசெஞ்சு.

இப்ப எனக்கு நிஜமா உதவுறது ரெண்டாவது சார்ட்தான். ஃபண்டோட என்ஏவிய அதுக்கான டிஆர்ஐ இண்டெக்ஸால (டிவிடெண்டையும் சேத்து கணக்கு பண்ற குறியீடு) வகுத்து, 1000ஆல பெருக்கி, 1 சதவீத கட்டத்துல போடுறேன். ஃபண்ட் மட்டும் தனியா பாத்தா மார்க்கெட் ஏறும்போது எல்லாமே எக்ஸாத்தான் தெரியும், வகுத்து பாத்தாதான் எது பின்தங்குதுன்னு வெளிய வருது. என்கிட்ட இருக்குற ஒரு மிட்கேப் (நடுத்தர அளவு கம்பெனிகள்ல போடுற) ஃபண்ட் தனி சார்ட்ல எக்ஸ், இதுல மூணாவது தடவையா பழைய அடிமட்டத்த உடைச்சு ஓ. ஆனா இந்த சார்ட்ட வச்சு மாசாமாசம் ஃபண்ட் மாத்துறது எனக்கு சரியா படல, லோடும் டாக்ஸுமே தின்னுரும். அதனால அதுல எஸ்ஐபிய மட்டும் நிறுத்திருக்கேன், கடைசி தவணைக்கு ஒரு வருஷம் ஆகட்டும், அப்புறம் வித்துக்கலாம்னு இருக்கேன்.